பேப்பரில்தானே

மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்புவதுதான் அன்றைய பாடம். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த மருந்துக்கடைக்காரர் தலை நரைத்த மனிதர். கிளட்சை விட்டால் வண்டி அணைந்துபோனது, விடாவிட்டால் பின்னால் நழுவியது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கக்கா அசரவில்லை. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்துத்தான் அவளுக்கு அந்தப் பேரே வந்தது. "லாரிய விடுங்க சார், அவருக்கு அவசரம். உங்களுக்கு இல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது வங்கியிலிருந்து போன் வந்தது.

"மேடம், டிரைவிங் ஸ்கூல் அக்கவுன்ட் விஷயமா பேசறேன். நீங்க பிறந்தது வெளிநாட்டுலயா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அப்போ அந்த நாட்டுக் குடியுரிமையும் உங்களுக்கு இருக்கா மேடம்?"

மருந்துக்கடைக்காரர் அந்த நேரம் பார்த்து வண்டியை அழகாகக் கிளப்பி மேட்டைத் தாண்டிவிட்டார். சபாஷ் சொல்ல வேண்டியவள் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்படி ஒரு கேள்வியை அவள் யோசித்ததே கிடையாது. அவளுடைய அப்பா லிஃப்ட் பொருத்துகிறவர். கல்யாணமான புதிதில் ஒப்பந்த வேலைக்காக அந்த நாட்டுக்குப் போனவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஊர் திரும்ப டிக்கெட்டெல்லாம் எடுத்து வைத்த பிறகு, இவள் அவசரப்பட்டு முன்னாலேயே பிறந்துவிட்டாள். குப்புற விழக்கூடத் தெரியாத வயதில் இங்கே வந்து சேர்ந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் 'நான் ஃபாரின்ல பொறந்தவ' என்று கொஞ்ச நாள் பீற்றிக்கொண்டதோடு சரி. படித்தது, கல்யாணம், பிள்ளை பெற்றது, ஓட்டுப் போடுவது, நடுரோட்டில் ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் இங்கேதான்.

ஆனால் அந்த நாட்டுச் சட்டம் அவளை விடவில்லை என்பதை ஸ்கூல் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர்தான் எடுத்துச் சொன்னார். அங்கே பிறந்தவர் எங்கே இருந்தாலும் அந்த நாட்டுப் பிரஜை. பிரஜை எங்கே சம்பாதித்தாலும் வருஷா வருஷம் அங்கே கணக்குச் சொல்ல வேண்டும். இங்குள்ள வங்கிகளும் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து அந்த நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இப்போது ஏற்பாடாகிவிட்டது.

"வரின்னு பாத்தா ஒண்ணும் வராதும்மா. இங்கயே கட்டிட்டீங்க. ஆனா இத்தனை வருஷம் சொல்லாம இருந்திருக்கீங்க பாருங்க, அதுக்கு அபராதம் போடலாம்."

"கட்ட வேண்டியதே இல்லாததுக்கு அபராதமா?"

"கட்டாததுக்கு இல்லம்மா. சொல்லாததுக்கு."

"எதையெல்லாம் சொல்லணும்?"

"உங்க பேர்ல இருக்கற கணக்கு. அப்புறம், உங்க பேர்ல இல்லாட்டியும் நீங்க கையெழுத்துப் போட்டா பணம் எடுக்கலாம்னா, அந்தக் கணக்கும்."

பிரேக்கக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்துக்கு அவள்தான் பொருளாளர். தண்ணீர்த் தொட்டி கழுவ வீட்டுக்கு வீடு வசூலித்த காசையும் கடல் தாண்டி ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறாரா? ஆடிட்டர் சிரிக்கவில்லை. "சட்டம் அப்படித்தான் இருக்கு" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

சங்கத்தில் அவள் சிரித்துக்கொண்டேதான் இந்தக் கதையைச் சொன்னாள். மறு வாரமே செயலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். மனுஷர் உட்காரக்கூட இல்லை. "உங்களுக்கும் வேலை ஜாஸ்தி. பொருளாளர் பொறுப்ப வேற யாராவது பாக்கட்டுமே. நீங்க எப்பவும்போல எல்லாத்தையும் கவனிச்சுக்கோங்க. பேப்பர்ல மட்டும்தான் மாத்தறோம்." பிரேக்கக்கா சரி என்றாள். தொட்டி கழுவுகிற தொல்லை விட்டது என்றுகூட நினைத்தாள்.

அடுத்து நாத்தனார். ஸ்கூலில் இருவரும் பாதிக்குப் பாதி பங்காளிகள். ஆபீஸ், ஆள், அரசாங்கம் எல்லாம் நாத்தனார் பொறுப்பு. தெரு, வண்டி, மாணவர்கள் இவள் பொறுப்பு. டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்படாத ரகசியம். ஸ்டியரிங்கைப் பார்த்தாலே நாத்தனாருக்குக் கை வியர்க்கும். இரண்டாவது வண்டிக்குக் கடன் வாங்கியிருந்த நேரம் அது. விவரம் தராவிட்டால் ஸ்கூல் கணக்கை மூடிவிடுவோம் என்று வங்கி சொல்லிவிட்டது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு உங்க பேர எடுத்துட்டா என்ன? பேப்பர்லதானே" என்றாள் நாத்தனார், மேஜை மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் பிரேக்கக்கா. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

யோசிக்க நேரம் கிடைப்பதற்குள் டயர்க்கடையில் அடுத்த சங்கதி வெடித்தது. பழைய வண்டிக்கு டயர் மாற்றிவிட்டு, ஸ்கூல் கணக்கு இழுபறியில் இருந்ததால் வீட்டுக்காரரோடு சேர்ந்து வைத்திருந்த கணக்கின் அட்டையைத் தேய்த்தால் மெஷின் மறுத்துவிட்டது. இன்னொரு தரம் தேய்த்தார்கள். டயர்க்காரர் அட்டையைச் சட்டையில் துடைத்துத் தேய்த்தார். அப்போதும் இல்லை. வங்கிக்குப் போன் போட்டதும் அந்தப் பக்கத்துப் பெண் கனிவாகச் சொன்னாள்: "அந்த ஜாயின்ட் அக்கவுன்ட்ல இப்ப உங்க பேர் இல்லையே மேடம். போன வாரம் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. காலையில் பாடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் வீட்டுக்காரர் நீட்டிய தாள்கள். 'வங்கியில ஏதோ புதுப்பிக்கணுமாம்' என்றார். சாவியை வாயில் கவ்விக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள். மகளின் படிப்புக்காக இருவரும் சேர்த்துவந்த கணக்கு அது. அதில் பாதிக்கு மேல் அவள் மேடு ஏறி இறங்கிச் சம்பாதித்தது.

வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக்கடை. அவள் உள்ளே நுழைந்தபோது ஒரு வாத்தியாரை உட்காரவைத்து ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்குச் சில்லு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேர எடுத்துட்டீங்களா?"

அவர் கையிலிருந்த சில்லைத் துணியில் துடைத்தார். "ஆடிட்டர்கிட்டப் பேசினேன். உன் பேர் இருந்தா என் கணக்கும் அங்க போகுமாம். நான் பொறந்தது இங்க, பொழைக்கறது இங்க. என் கணக்க எவனோ எதுக்குப் பாக்கணும்? பேப்பர்லதானே எடுத்திருக்கேன். பணம் எங்க போயிடப் போகுது?"

"கல்யாணமும் பேப்பர்லதாங்க இருக்கு."

வாத்தியார் ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது நன்றாகத் தெரிகிறதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேனோ என்னவோ" என்றாள் பிரேக்கக்கா. "சாவியக் கவ்விக்கிட்டு நின்னவகிட்டக் கையெழுத்து வாங்கிட்டீங்களே."

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் தன் அண்ணனைப் போனில் பிடிபிடியென்று பிடித்தாள். "நான் அண்ணியக் கேட்டேன். கேக்கறது வேற, நீ பண்ணது வேற" என்று கத்தியது தெருவரைக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு, "ஸ்கூல்ல உங்க பேர் இருக்கும் அண்ணி. வங்கிக்காரன் மூடினா மூடட்டும். வேற வங்கியே இல்லையா?" என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. கடன்காரி, நடுங்காமல் என்ன செய்வாள்? பிரேக்கக்காவுக்கு அந்த நடுக்கத்தைக் கேட்ட பிறகு தூக்கம் போனது. தன்னால் இத்தனை பேருக்குத் தொல்லை. வேரையே வெட்டிவிட்டால்? அந்த நாட்டுக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் யாரும் எந்தத் தாளிலிருந்தும் அவளை எடுக்க வேண்டியதில்லை.

அதிலும் ஒரு கூத்து இருந்தது. விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் தன்னிடம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக அவள் அந்த நாட்டு பாஸ்போர்ட்டை முதன்முதலாக வாங்கினாள். மொறமொறவென்று புத்தம் புதிதாக வந்தது. படத்தில் அவள் திருடியைப்போல முழித்துக்கொண்டிருந்தாள். பிறந்த இடம் என்ற வரியை விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட ஊர். 'வெளியில பனி கொட்டுது, பாஷை தெரியாது, பக்கத்து வீட்டு நர்ஸம்மாதான் என் கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தா' என்று அம்மா ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிறுத்துவாள். அந்த நர்ஸம்மாமீது அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆடிட்டர் சொல்லி அனுப்பினார்: "நேர்ல கேள்வி கேப்பாங்க. வரிக்காகன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. யாரும் கட்டாயப்படுத்தல, என் சொந்த விருப்பம்னு சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

தூதரகத்துக்கு வீட்டுக்காரர்தான் கூட்டிப்போனார். கடைக்கு லீவு விட்டிருந்தார். வழியில் தன் வண்டியோட்டத்தில் அவள் குற்றம் சொல்லாமல் வந்ததே அவருக்குக் கலக்கமாக இருந்திருக்கும். வெளியே வண்டியில் காத்திருப்பதாகச் சொன்னார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்ட ஓர் இளம் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க இந்த ஊர்ப் பெண் ஒருத்தி. பேர், பிறந்த தேதி, பெற்றோர் என்று கேள்விகள் மளமளவென்று போயின. விட்டால் திரும்பக் கிடைக்காது, தெரியுமா? தெரியும். யோசித்துவிட்டீர்களா? யோசித்துவிட்டேன்.

"இந்த முடிவ எடுக்கச் சொல்லி யாராவது உங்களக் கட்டாயப்படுத்தறாங்களான்னு கேக்கறார் மேடம்."

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சங்கச் செயலாளர் கேட்கவில்லை. ஆடிட்டர் கேட்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கேட்கவே இல்லை. கேட்ட ஒரே ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ ஒருவர். அவருக்கும் வேண்டிய பதில் 'இல்லை' என்பதுதான்.

"ஆமா" என்றாள்.

மொழிபெயர்ப்புப் பெண் திரும்பிப் பார்த்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "மேடம், கேள்வி புரிஞ்சுதா? இல்லன்னு சொல்லிடுங்க, நான் சொல்லிடறேன். ஆமான்னா வேலை நடக்காது."

"புரிஞ்சுதும்மா. நான் சொல்றத அப்படியே சொல்லு. என்னக் கட்டாயப்படுத்தறது உங்க சட்டந்தான். நான் உங்க ரோட்டுல நடந்ததில்ல, உங்க தண்ணியக் குடிச்சதில்ல. திருடினதும் இல்ல, ஒளிச்சதும் இல்ல. ஆனா உங்களால என் வீட்டுலயே என் பேர அழிக்கறாங்க. இப்ப நானா ஆசைப்பட்டு விட்டுட்டுப் போறேன்னு வேற சொல்லணுமா? அது பொய். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தப் பெண் மைக்கிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் பேசினாள். எதையும் விட்டுவிடவில்லை என்பது அதிகாரியின் முகத்தில் தெரிந்தது. அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். அப்படியென்றால் இன்றைக்கு இதை ஏற்க முடியாது, முழு மனதோடு முடிவெடுத்த பிறகு வரலாம் என்றார்.

"சரி. நான் சொன்னத எழுதிக்கச் சொல்லு. எழுதி எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டச் சொல்லு."

அது வழக்கமில்லையாம். பிரேக்கக்கா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். மேட்டில் ஹாரன் கேட்டுப் பழகிய முதுகு அவளுடையது. கடைசியில் அதிகாரி தட்டச்சு செய்தார். மொழிபெயர்ப்புப் பெண் தமிழில் வாசித்துக் காட்டினாள். 'உங்க தண்ணியக் குடிச்சதில்ல' என்ற இடம் விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார்கள்.

வெளியே வீட்டுக்காரர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். "முடிஞ்சுதா?"

"இல்ல. முடிக்கல."

நடந்ததைக் கேட்டதும் அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை. இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் தீர்ந்திருக்கும்."

"யாருக்குத் தீர்ந்திருக்கும்?"

அவர் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"விடணும்னு எனக்குத் தோணினா அன்னிக்கு வந்து விடறேன். இப்ப வண்டிய வங்கிக்கு விடுங்க. என் பேர மறுபடி சேக்கணும், அதுக்கு உங்க கையெழுத்தும் வேணும். அப்புறம் அந்தக் கணக்கு, ஸ்கூல் கணக்கு எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதி அவங்களுக்கு அனுப்பறேன். கொஞ்சம் அபராதம் வந்தா வரட்டும். எதுத்து எழுதுவேன். என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு, நானே எதுக்கு ஒளியணும்?"

"என் கணக்கும்மா அது. என்னக் கேக்காம எப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கேக்கறேனே" என்றாள் பிரேக்கக்கா. "இப்பக் கேக்கறேன். வர்றீங்களா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். எங்கே திரும்பப் போகிறார் என்று அவளுக்குக் கடைசி முச்சந்திவரை தெரியவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பாமல் வங்கிப் பக்கம் திரும்பினார். போய்ச் சேரும்போது வேலை நேரம் முடிகிற சமயம். காவலாளி இரும்பு ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டிருந்தார். "உள்ள இருக்கறவங்களுக்கு மட்டுந்தாங்க" என்றார். "அப்ப நானும் உள்ள இருக்கறவதான்" என்று சொல்லி, புடவையைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

கவுன்டரில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தாள். பிரேக்கக்கா வாசல் பக்கம் திரும்பினாள். ஷட்டருக்குக் கீழே சாய்ந்த வெயில் தரையில் பட்டையாக விழுந்திருந்தது. அந்த வெயிலில் வீட்டுக்காரரின் பழுப்பு நிற ஷூ இரண்டு, முனை வங்கியைப் பார்த்தபடி நின்றன. இடுப்புக்கு மேல் ஆள் தெரியவில்லை. காவலாளி ஏதோ கேட்டார். வலது ஷூவின் குதிகால் தரையைவிட்டு எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றது.