கெட்டிலில் ஒரு பச்சை

நான் கெட்டில் செய்கிறவன். அடுப்பில் வைக்க முடியாத கெட்டில், கம்ப்யூட்டரில் செய்வது. விளம்பரத்தில் பளபளவென்று ஒரு கெட்டிலைப் பார்க்கிறீர்கள் அல்லவா, பெரும்பாலும் அதை யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். என்னைப் போல ஒருவன் உருவத்தை வளைத்து, அதற்கு எஃகு நிறம் ஏற்றி, எங்கிருந்தோ கொஞ்சம் வெயிலையும் வரவழைத்திருப்பான். பார்க்கிறவர் நிஜம் என்று நம்பிவிட வேண்டும். அதுதான் வேலை, அதுதான் தலைவலியும்.

பாத்திரக் கம்பெனியில் என் படங்களைப் பார்த்துச் சரி சொல்லும் அம்மாவுக்கு நான் வைத்த பெயர் 'திருப்பி'. எதைக் கொடுத்தாலும் திருப்பி அனுப்புவார். முதல் கெட்டிலைப் பார்த்து, "ரொம்ப சுத்தமா இருக்கு, பிளாஸ்டிக் மாதிரி" என்றார். கீறல் போட்டேன். "புதுச் சாமானைப் பழசாக்கிட்டீங்களே" என்றார். கீறலை எடுத்துவிட்டு விரல் தடம் வைத்தேன். "என்னமோ குறையுதுங்க. என்னன்னு சொல்லத் தெரியல." அவருக்கே சொல்லத் தெரியாததை நான் எந்தக் கோயிலில் போய்க் கேட்பது? வந்த கோபத்துக்கு அந்தப் படத்துக் கெட்டிலிலேயே தண்ணீர் கொதித்திருக்கும்.

கடைசியில் அவரே போனில் கூப்பிட்டார். "இந்த வாரத்துக்குள்ள சரியா வரலன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம். தப்பா நினைச்சுக்காதீங்க." வேறு எப்படி நினைப்பதாம்? இந்த ஒரு வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

மாதிரிக்கென்று கம்பெனி கொடுத்த அசல் கெட்டில் வீட்டில்தான் இருந்தது. மனைவி அதில் தினமும் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கிச் சமையலறை ஜன்னலோரம் வைத்து, போனில் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீர்த்திட்டு, விரல் தடம், கெட்டிலின் வயிற்றில் வளைந்து தெரியும் ஜன்னல், போனும் கையுமாய் நிற்கும் நான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து என் படத்தில் கொண்டுவந்தேன். பிறகு இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டி ஒரே இடத்தில் சேமித்து, போனில் இருந்ததை அழித்தேன். அங்கேதான் புத்தி கெட்டது. ஒன்றுக்கு 'கடைசி' என்று பெயர், இன்னொன்றுக்கு 'இதுதான் கடைசி'. ஒன்றை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

கை கழுவுவதற்குள் திருப்பியின் போன் வந்துவிட்டது. "இதுங்க. இதுதான் நிஜம். மீதிப் பாத்திரமெல்லாம் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

தலைகால் புரியாத சந்தோஷத்தில் போய் இரண்டு படங்களையும் திறந்தேன். அனுப்பியது 'கடைசி'. அது தெரிந்தது. ஆனால் 'கடைசி' எது, நான் செய்ததா, போனில் எடுத்ததா? பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் விரல் தடம் கொஞ்சம் அழகாக இருந்தது. அப்படியானால் அது என்னுடையது. மற்றதில் நிழல் இடித்தது. அதுவும் என்னுடையது போலத்தான் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. போட்டோவை அனுப்பியிருந்தேன் என்றால் தொலைந்தேன். மீதிப் பாத்திரங்களைக் கம்பெனி இன்னும் தயாரிக்கவே இல்லை, போட்டோ எடுத்துச் சமாளிக்கவும் வழி கிடையாது.

அப்போது 'இதுதான் கடைசி'யில், கைப்பிடியை ஒட்டி ஒரு பச்சைத் தீற்றல் கண்ணில் பட்டது. எங்கள் சமையலறையில் பச்சையாக ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் கணக்கில் பிசகினால் இப்படிக் கண்ட இடத்தில் கண்ட நிறம் வரும். ஆக, இது நான் செய்தது. அனுப்பியது போட்டோ.

மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். வேலை போனா போகட்டும்."

அவள் குனிந்து பார்த்தாள். "இதை நீங்க செஞ்சதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"இந்தப் பச்சையை வச்சுத்தான். நம்ம அடுப்படியில ஏது பச்சை?"

"அது நான்."

"நீயா?" படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

"என் பச்சை நைட்டிங்க. நீங்க படம் எடுக்கறப்ப பின்னாலதான் நின்னேன். நின்னு நின்னு ஒண்ணு கேட்டேன். நீங்க கெட்டில்கிட்ட 'அப்படியே இரு, அப்படியே இரு'ன்னு கொஞ்சிட்டிருந்தீங்க."

மறுபடியும் எல்லாம் குழம்பியது. பச்சை இருப்பது போட்டோ என்றால், பச்சை இல்லாதது நான் செய்தது. அனுப்பியது அதைத்தான். 'திருப்பி' அம்மா நிஜம் என்று சொன்னது என் கெட்டிலை.

"அப்ப நான் தேறிட்டேன்" என்றேன்.

"தேறிட்டீங்க. நான் இல்லாததுதான் நிஜமா இருக்குதாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலை தப்பியது. துள்ளிக் குதிக்க வேண்டியவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்கு விளங்கவில்லை. எழுந்து அவள் பின்னாலேயே போய் நின்றேன்.

"அன்னிக்கு என்ன கேட்டே? இப்பச் சொல்லேன்."

அவள் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தில் காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பவில்லை.