ரெண்டு டொக்கு

லார்னா கன்வெர்ட்டரை மார்போடு சேர்த்துத் தூக்கியபோது, உள்ளே ஊற்றியிருந்த எண்ணெய் களக்கென்று ஆடியது. தட்டையான பரங்கிக்காய் போன்ற இரும்பு உருண்டை அது. எஞ்சினின் பலமெல்லாம் அதன் வழியாகத்தான் கியர் பெட்டிக்குள் போகும். பெட்டியை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே, வால் தரையில் படும்படி நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"சட்டையில ஊத்திக்காத," என்றார் கிளைட் சித்தப்பா.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வந்தது உதவுவதற்கு அல்ல, ஆட்சேபிக்க. அதற்குக் கை தேவைப்படவில்லை.

காரேஜிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் அப்பா. ஆக்சிஜன் இயந்திரம் இழுப்பதும் விடுவதுமாக இங்கே வரை கேட்டது. கதவைச் சாத்தக் கூடாது என்று அப்பாதான் சொல்லியிருந்தார். பார்க்க முடியாதவர் காதால் வேலை வாங்கினார். நேற்று அவள் ஒரு போல்ட்டை நழுவவிட்ட சத்தத்துக்கு, "ஸ்டார்ட்டர் பக்கத்துதா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார். அந்தப் பக்கத்துப் போல்ட்தான். இன்று காலையிலிருந்து பேச்சு இல்லை. இன்று தாண்டாது என்று அம்மாவிடம் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெட்டி காரில் ஏறிவிட்டது என்று அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட வேண்டும். லார்னாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இரவு முழுக்கக் கிடங்கு வேலையில் சரக்குத் தூக்கிவிட்டு, அந்தச் சட்டையோடு வந்திருந்தாள்.

"எண்ணூறு குதிரைச் சக்தி," என்றார் கிளைட். "லாரி எஞ்சினத் தூக்கி நோவா காருல வச்சு, டர்போவும் மாட்டியாச்சு. அதுக்குப் போய் நாலு கியர் ஓவர்டிரைவ் பெட்டியா? என்கிட்ட மூணு கியர் பெட்டி சும்மாதான கெடக்கு. கம்ப்யூட்டர் கெடையாது, ஒயர் கெடையாது. அணுகுண்டு போட்டாலும் ஒடையாது."

"அப்பா இதத்தான் சொன்னாரு."

"இந்தக் கன்வெர்ட்டர் அதவிட லட்சணம். பிரேக்க விட்டாலே ஊர்ந்து போவும். தபால்காரன் வண்டிக்குப் போடறது. ரேஸ்காரன் போடுவானா இத?"

"உள்ளதான படுத்திருக்காரு. போய்ச் சொல்லுங்க."

"போன வாரமே சொன்னேன். சிரிக்கிறான்."

சிரிக்கத்தான் செய்வார். கால் நூற்றாண்டாக ஊரில் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறவர்களை எல்லாம் அப்பா கேலி செய்திருந்தார். "இவனுக்கு எடது கால் எதுக்கு? வெட்டி நாய்க்குப் போடலாம்" என்பார். பாதிரியாரிடமே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர், நுரையீரலில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அடுத்த வாரம், மூக்கில் குழாயோடு காருக்கடியில் படுத்து கிளட்ச் பெடலைக் கழற்றி எறிந்தார். ஆட்டோமேட்டிக் போடப்போகிறேன் என்றார். எதைப் போடுவது என்று ஒரு மாதம் யோசித்தார். நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் கிளைட். இந்தப் பலத்துக்குக் கிளட்ச் தாங்காது என்று நினைத்திருப்பார் என எண்ணிக்கொண்டாள் லார்னா. அப்பாவின் கார்களைப் பற்றி அம்மா எதுவும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை, லார்னா பள்ளிக்குப் போகத் தொடங்காத காலத்தில், சர்ச் மைதானத்தில் வைத்து அம்மாவுக்கு ஓட்டக் கற்றுத்தந்தார். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி குலுங்கி நின்றது. "அது காலா, கட்டையா?" என்று ஆள் பார்க்கக் கத்தினார். அம்மா இறங்கி, பின்சீட்டில் இருந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சோளக்காட்டு ஓரமாக வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவருடைய எந்தக் காரிலும் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்ததில்லை.

லார்னா கன்வெர்ட்டரைத் தண்டின் மேல் இறக்கி, இரு கைகளாலும் மெல்லத் திருப்பினாள். அது உள்ளே மூன்று இடத்தில் பல்லோடு பல் சேர்ந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு சத்தம் வரும்.

டொக்.

"ஜாக்கிரதை," என்றார் கிளைட். அதில் அவருக்கு அனுபவம் இருந்தது. முன்பொரு சமயம் இரண்டு சத்தத்தோடு விட்டுவிட்டு போல்ட்டை முறுக்கி, புதுப் பெட்டியின் பம்பை உடைத்தவர் அவர். அன்றிலிருந்து அப்பா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரெண்டு டொக்கு. கல்யாண விருந்தில், சாவு வீட்டில், எங்கே என்றாலும் ரெண்டு டொக்கு. கோபம் வந்தால் வெறும் ரெண்டு.

"நான் மட்டும் அவன் எடத்துல இருந்தா…" என்று கிளைட் மறுபடி ஆரம்பித்தார். ஓவர்டிரைவ், விலை, எடை என்று பேசிக்கொண்டே போனார். லார்னா திருப்பினாள். டொக். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். எங்கோ ஏதோ இடித்த மாதிரி இருந்தது. இரண்டா மூன்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உக்காந்திருச்சு, விடு," என்றார் கிளைட்.

பெட்டியைத் தூக்க அவள் ஜாக்கியை இழுத்தாள்.

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள். "கிளைட், உன்னக் கூப்பிடறார்."

"என்னையா? பேசறானா?"

"ரெண்டு, ரெண்டுங்கறார். நீதான அது?"

கிளைட் காப்பியைக் கீழே வைத்தார். கையைப் பேண்ட்டில் துடைத்தார், தொப்பியைக் கழற்றினார். திட்டு வாங்கப் போகிற பையன் மாதிரி உள்ளே போனார்.

லார்னா ஜாக்கியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கன்வெர்ட்டரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அசையவில்லை. விளிம்புக்குக் கீழே விரலை விட்டாள். விரல் போயிற்று. போகக் கூடாது. கொஞ்சம் தூக்கி, எடையைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள்.

டொக். இது முந்தைய இரண்டையும்விடக் கனமாக, கிணற்றில் கல் விழுந்தது போல இருந்தது.

அதைச் சொல்ல வாயைத் திறந்துகொண்டே சமையலறையைத் தாண்டினாள். அம்மா கட்டிலின் ஒரு பக்கம். மறுபக்கம் கிளைட், அண்ணன் கையைப் பிடித்தபடி. இயந்திரம் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அப்பா இழுக்கவில்லை. அம்மா குனிந்து அதன் சுவிட்சை அணைத்தாள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில், அடக்கம் முடிந்து, பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டு தட்டாக வந்தன. நண்பர்கள் தங்கள் வண்டிகளில் வந்திருந்தார்கள். கல்லறையருகே எல்லோரும் ஒருசேர எஞ்சினை உறுமவிட்டதில் பாதிரியார் சொன்ன கடைசி ஜெபம் யார் காதிலும் விழவில்லை. கிளைட் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார்.

"கடைசி மூச்சுல என்னத்தான்பா கூப்பிட்டான். பொண்டாட்டிய இல்ல, புள்ளய இல்ல. அந்தப் பேரச் சொல்லித்தான் இத்தன வருஷம் மானத்த வாங்கினான். அன்னிக்கு அதக் கேக்க எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல."

சிரித்தார்கள், அவர் தோளைத் தட்டினார்கள். லார்னா கறியை வெகுநேரம் மென்றாள்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்துதான் பெட்டியை ஏற்றினார்கள். கிளைட் இந்த முறை ஆட்சேபிக்கவில்லை. ஒயர்களைத் திட்டிக்கொண்டே அவற்றை எல்லாம் அவரே இணைத்தார். சனிக்கிழமை மதியம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உறுமியது. அலமாரியில் இருந்த ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன. கிளைட் அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"லார்னா, ஒண்ணு கேக்கணும். அண்ணிக்கு இது எதுக்கு? நீயும் வேன் வச்சிருக்க. கடைசியா என்னக் கூப்பிட்டானே, ஏன்னு யோசிச்சேன். வண்டிய நீ எடுத்துக்கடான்னு சொல்லத்தான். வேற என்ன இருக்கும்? இந்தப் பெட்டிய எறக்கிட்டு என் மூணு கியரப் போட்டுக்கறேன். அண்ணிகிட்ட நீ சொல்லு."

பதில் லார்னாவின் நாக்கில் தயாராக இருந்தது. 'உங்களக் கூப்பிடல. டொக்க எண்ணினாரு.' நான்கே வார்த்தை. கிளைட்டின் முகத்தைப் பார்த்தாள். அண்ணனைப் புதைத்த நாளிலிருந்து அவர் சவரம் செய்திருக்கவில்லை.

"அம்மா," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் வா."

அம்மா பாத்திரத் துணியோடு வந்தாள். "என்ன சத்தம் இது, காது போகுது."

"ஏறி உக்காரு. வண்டி யாருக்குன்னு நீதான் சொல்லணும்."

"நான் இத ஓட்ட மாட்டேன்னு ஒனக்குத் தெரியும்."

"ஓட்ட வேணாம். சும்மா உக்காரு."

அம்மா துணியை லார்னாவிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே சரிந்து உட்கார்ந்தாள். வலது கால் பிரேக்கின் மேல் போயிற்று. இடது கால் உயர்ந்து, முன்னால் நீண்டு, அழுத்தியது. அங்கே கிளட்ச் இல்லை. செருப்பு வெறும் தரையில் பட்டது. அவள் குனிந்து பார்த்தாள். மறுபடியும் காலைத் தூக்கி, அதே இடத்தில் துழாவினாள்.

பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளைட் கதவருகே வந்து குனிந்தார். அம்மாவின் கால் இருந்த இடத்தைப் பார்த்தார்.

அம்மா கியர் லீவரை இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி குலுங்கவில்லை, நிற்கவில்லை. யாரும் எதையும் மிதிக்காமலே, நடக்கிற வேகத்தில் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்தது. இடது காலை அவள் பின்னுக்கு இழுத்து, சர்ச் பெஞ்சில் உட்காருவது போல சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

கிளைட் அவசரமாகப் போய், வழியில் இருந்த தன் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.