வாசனையில்லாத சரக்கு

மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, வேதிப்பொருள் பதிவு அலுவலகம், மூன்றாம் மாடி. ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் ஏதேனும் வேதிப்பொருளைக் கையாளும் நிறுவனங்கள் அதைத் தேசியப் பட்டியலுக்கு அறிவிக்க அன்றுதான் கடைசி நாள்.

உதவி எண்ணில் உட்கார்ந்திருந்தவள் பட்டியலைத் தேடிப் பார்த்தாள், தம்பியின் பசைப் பட்டறை அதில் இல்லை... அப்படியென்றால் அவன் இன்னும் அறிவிக்கவில்லை, அவளும் மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தாயிற்று, அவனுக்கு எல்லாமே "பாத்துக்கலாம்க்கா"தான், காலையிலிருந்து உதவி எண்ணில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வழி சொல்லிவிட்டுக் கூடப்பிறந்தவனைக் கோட்டை விட்டால் எப்படி, சாயக்காரர், சோப்புக்காரர், கொசுமருந்துக்காரர்... தண்ணீரும் வேதிப்பொருள்தானே மேடம், அதையும் எழுதணுமா என்று ஒருவர் கேட்டாரே, அது சந்தேகமா நக்கலா, இன்னும் பிடிபடவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. தம்பிதான். "அக்கா, வருஷத்துக்குத் தொள்ளாயிரம் கிலோதான்னு சொல்லிட்டா எங்களை விட்டுருவீங்கல்ல?"

தொள்ளாயிரமா, அந்தப் பட்டறைக்கு அது ஆறு மாதம் தாங்குமா... ஏமாற்றுகிறவன் இல்லை, பயப்படுகிறான், பட்டியலில் ஏறினால் ஆய்வாளர் வருவார், காற்றுப்போக்கி கேட்பார், முகமூடி கேட்பார், செருப்புப் பசை காய்ச்சி எட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது, அவள் படித்ததும் அந்தப் பசையில்தானே. அப்பா டிரம் மூடியைத் திறந்து குனிந்து ஒரு இழு இழுப்பார், பதம் சொல்லிவிடுவார், மூக்குதான்டா மீட்டர் என்பார்... பிறகு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைய, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மூக்கு எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா என்று அம்மா கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எப்போது போனது அந்த மூக்கு, யாராவது கேட்டோமா?

"கேக்குறியாக்கா? இது பழைய சரக்கு மாதிரி இல்ல. புது கரைப்பான், திறந்தா தண்ணி மாதிரி இருக்கு, வாசனையே கிடையாது. வாசனையே இல்லாததுக்கு எதுக்குப் பதிவு?"

வாசனை இல்லையா... அவன் முன்பே பெயர் சொல்லியிருந்த அதே சரக்கை இன்னொரு பசை ஆலை காலையில்தான் அறிவித்திருந்தது, அதோடு வந்த பாதுகாப்புத் தாளை வரி விடாமல் படித்தவள் அவள், மணம்: கடுமையானது, மூக்கை எரிக்கும். தாள் தவறாக இருக்கலாம், இருக்கட்டும், கடவுளே, தாளே தவறாக இருந்துவிட்டுப் போகட்டும். "பக்கத்துல யாருடா இருக்கா? மூடியைத் திறந்து அவங்களை மோந்து பாக்கச் சொல்லு." எதுக்குக்கா என்றான், சொன்னதைச் செய்டா என்றாள், இரும்பு உரசும் சத்தம், பிறகு பசை கலக்கும் பெண்ணின் இருமல், "அய்யோ அண்ணே, மூடுங்க, கண்ணெல்லாம் எரியுது, உங்களுக்கு எப்படித்தான் தாங்குதோ!"

மூடியை இறுக்கும் சத்தம் கேட்டது. என்ன சொல்வது, டாக்டரிடம் போ என்றா, அப்பாவும் போகவில்லையே... மேசையில் ஆறிய காப்பியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள், காப்பி வாசனை வந்தது, தனக்கு வந்ததே என்று ஏனோ வெட்கமாக இருந்தது. "அக்கா," என்றான் கடைசியில், "காலைல உன் மருமகளும் இப்படித்தான் கத்தினா, ஸ்கூலுக்குப் போற அவசரத்துல. தோசை கருகுதுப்பான்னு. நான் அடுப்புப் பக்கத்துலயேதான் நின்னேன்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடியது. தம்பியின் பட்டறை பட்டியலில் இருந்தது, அளவு உள்ளபடியே. மணம் என்ற கட்டத்தை மட்டும் அவன் நிரப்பவில்லை.