இரண்டு சிமிட்டல்

தேவாலயத்துக் கூடத்தில் வெர்னா பன்றித்தொடைத் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் கணவன் டில்லார்ட் அதே கதையை ஐந்தாம் முறையாக ஆரம்பித்தான்.

"விளக்கைச் சிமிட்டியிருந்தா நான் ஏன் சுடப்போறேன்? நாலு கால்ல ஏதோ வேலிக்கடியில நுழையுது. கயோட்டின்னுதான் நினைச்சேன்."

காபிக் கோப்பைகள் தலையாட்டின. ராய்ஸுக்கு வயசாச்சு, மறதி என்றார்கள். வெர்னாவின் அண்ணன் ராய்ஸ் மண்ணுக்குள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செத்தவன் மறுத்துப் பேச முடியாதென்பது ஊருக்கு எப்போதுமே வசதி.

முயல் சாவதுபோல் அலறும் பெட்டியை மேய்ச்சல் நிலத்தில் வைத்துவிட்டு, ஆட்டுக்குட்டி தின்ன வரும் ஓநாய் இனத்துக் கயோட்டிகளை இருட்டில் சுடுவது மாமன் மச்சானுக்கு முப்பது வருடப் பழக்கம். அதில் சட்டம் ஒன்றே ஒன்று: பெட்டியை எடுக்கப் போகிறவன் நெற்றியிலுள்ள சிவப்பு விளக்கை இரண்டு முறை சிமிட்டிவிட்டுத்தான் அசைய வேண்டும்.

வெர்னா பார்த்திருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த ஜன்னல் வழியே, தூரத்தில், சிவப்பாக ஒன்று, மறுபடி ஒன்று. பிறகு வெடிச்சத்தம்.

நான்கு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தே சுட்டவன் என்று ஆகிவிடும் டில்லார்ட். போன வாரம்தான் நிலத்தை விற்பது பற்றி அவனும் ராய்ஸும் கத்திக்கொண்டார்கள்.

ராய்ஸின் மனைவி கார்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கல்யாண நாளை மறப்பாரு. கண்ணாடி வச்ச இடத்தை மறப்பாரு. அந்த விளக்கை மறக்க மாட்டாரு, வெர்னா."

வெர்னா கத்தியைத் துடைத்தாள்.

"இந்தக் குளிர்காலத்துல, இருட்டுல பார்க்கத் துப்பாக்கி மேல மாட்டுற அந்தப் புதுக் குழாய் வந்ததிலேர்ந்து உன் புருஷன் வெறுங்கண்ணால எதையுமே பார்க்கிறதில்லையாம். 'அந்த விலைக்கு நாப்பது ஆடு வாங்கலாம், கயோட்டிக்குப் பத்தைத் தானம் பண்ணினாலும் முப்பது மிச்சம்'னு ராய்ஸ் சிரிப்பாரு." கார்லா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வெர்னாவின் கை நின்றது.

வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. துப்பாக்கியை ஷெரீப்பின் ஆள் மறுநாளே திருப்பிக் கொடுத்திருந்தான். அவனுக்கும் ஆடுகள் உண்டு.

"குழாயைத் துப்பாக்கியிலேர்ந்து கழட்டி எடுத்துட்டு வா" என்றாள் வெர்னா.

"இப்ப எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு, டில்."

குட்டி ஈனும் காலத்தில் கொட்டகைக்குள் மாட்டிக்கொள்ளும் தன் சிவப்பு நெற்றி விளக்கை எடுத்துக்கொண்டு, காய்ந்த புல்லில் வேலிவரை நடந்தாள். வாசலில் டில்லார்ட் குழாயைக் கண்ணில் வைத்திருந்தான்.

"தெரியுதா?" என்று கத்தினாள்.

"நல்லா தெரியுது! வெள்ளை வெளேர்னு நிக்கிறே. விரல்கூடத் தெரியுது! இது உடம்புச் சூட்டைப் பிடிக்கும், சும்மாவா?"

விளக்கை இரண்டு முறை சிமிட்டினாள்.

காற்று அடித்தது. கொட்டகையில் ஓர் ஆடு இருமியது.

"இப்ப?"

"என்ன இப்ப? விளக்கைப் போடறதுன்னா சீக்கிரம் போடு. குளிருது."

வெர்னா விளக்கைப் போட்டாள். அணைக்கவில்லை. செருப்பைச் சுற்றிப் புல் சிவந்து கிடந்தது. அவன் குழாயைக் கண்ணிலிருந்து இறக்கும்வரை அப்படியே நின்றாள்.