குச்சி இல்லாமல் கறிவேப்பிலை இல்லை

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் ஒரு சின்னத் தோட்டம். நிலம் அரசாங்கத்துடையது, ஒழுங்காகப் பராமரித்தால் மட்டும் நாங்கள் வைத்துக்கொள்ளலாம். நடுவில் நின்ற கறிவேப்பிலை மரமோ மொட்டையாகிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சொந்தம், அதனால் எல்லோரும் பறித்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஷாஹித், வருஷக் கடைசிக்குள் மரம் தேறாவிட்டால் தோட்டத்தை எடுத்துவிட்டுப் புல் போட்டுவிடுவோம் என்று சொல்லிப் போனார்.

விடுவேனா? நான் யுனிவர்சிட்டியில் படிப்பதே சுற்றுச்சூழல் பொருளாதாரம். விலை வைத்தால் அளவாகப் பறிப்பார்கள் என்று தோட்டக் கமிட்டியில் அடித்துச் சொன்னேன். மாதம் வீட்டுக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர், டப்பாவில் போட வேண்டும்.

அதுவரை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இரண்டு கொத்து மட்டும் பறித்துப் போன மூன்றாம் மாடி மதலேனா ஆன்ட்டி, அடுத்த வாரம் பிளாஸ்டிக் பையோடு வந்தார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"காசு போட்டுட்டேன்லா. தேக்கா மார்க்கெட்டுல காய் வாங்கினா சும்மாவே ஒரு கை கறிவேப்பிலை அள்ளிப் போடுவான். நீ காசும் வாங்கிட்டு ரெண்டு கொத்துதான்னா எப்படிம்மா?"

கொசுறாக வருகிற பொருளுக்கு விலை வைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. இருந்த கூச்சத்தையும் இரண்டு வெள்ளிக்கு விற்றுவிட்டேன்.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். மரம் வாரத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் ஐஸ்கிரீம் குச்சிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்து வாரா வாரம் வீடு வீடாகக் கொடுத்தேன். ஒரு குச்சியை டப்பாவில் போட்டால் ஒரு கொத்து. வேண்டாதவர்கள் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றலாம். சிரித்தவர்களிடம் மறுபடி போய் விளக்கினேன்.

முதலில் பிடித்துக்கொண்டவர் மதலேனா ஆன்ட்டிதான். சர்ச் விருந்துக்கு இலை தேவைப்பட்டபோது, மீன் குழம்பு கொடுத்து நாலு வீட்டுக் குச்சிகளை வாங்கினார். அப்புறம் யாராவது குச்சி போடாமல் கை நீட்டினால் மூன்றாம் மாடியிலிருந்தே அவர் குரல் வரும்.

ஷாஹித் திரும்பி வந்தபோது கிளையெல்லாம் தளிர். படம் எடுத்தார். வாசனைக்கு மயங்கியோ என்னவோ, ஒரு கொத்தின்மேல் கை வைத்தார்.

"தம்பி, குச்சி இருக்கா?" என்றார் பக்கத்தில் நின்ற ஆன்ட்டி.

தோட்டமே இந்த அதிகாரி கையில். அவசரமாக என் குச்சியை நீட்டினேன்.

"வேணாம்மா, அது கிஃப்ட் ஆயிடும், நாங்க வாங்கக் கூடாது." கையை இழுத்துக்கொண்ட ஷாஹித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோட்டம் இங்கேயே இருக்கட்டும். இந்தக் குச்சிய மட்டும் விட்டுடாதீங்க."

அவர் போனதும் ஆன்ட்டி என் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார்.

"கவிப்ரியா, அது சும்மாதானே இருக்கு? மேல மீன் குழம்பு ரெடி."

"மீன் தலை எனக்குன்னா தர்றேன் ஆன்ட்டி."