டாக்டரின் நீலச் சட்டை

நாற்பது வருடம் கழித்து அரசாங்கத்துக்கு அண்ணனின் ஞாபகம் வந்தது. ஊரே காறித் துப்பிய போருக்குப் போய்த் திரும்பியவர்களுக்குப் பாராட்டு விழாவாம். அண்ணன் போன வருடமே கண்ணை மூடிவிட்டார். அண்ணி மேடையேற மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே பதக்கம் வாங்கச் சலவைக்கடை நடத்தும் அவருடைய தம்பியை அழைத்தார்கள்.

விவரம் குறிக்கக் கடைக்கு வந்த எழுத்தர், "அவர் திரும்பி வந்தப்ப ஸ்டேஷனுக்கு யார் சார் போனது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் தம்பி, தேய்த்த சட்டையை மடித்தபடியே. அது பொய்யில்லை. போயிருந்தார்.

எழுத்தர் தலை மறைந்ததும், பித்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிராமலே சொன்னார்: "போனீங்க தம்பி, யாரு இல்லேன்னது? டாக்டரோட நீலச் சட்டையை மாட்டிக்கிட்டு."

அவருக்குக் கை நின்றுவிட்டது. வெளுக்க வந்த சட்டையை ஒரு பொழுது போட்டுக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற திருட்டுதான். அன்று அண்ணனை அழைத்துவர நல்லதாக ஒன்று வேண்டுமே என்று போட்டுக்கொண்டார். ஆனால் சீருடைகள் ரயிலைவிட்டு இறங்கியதும் கூட்டம், "கொலைகாரப் பசங்களா" என்று கத்தியது. அவர் கால் தானாகத் தூணுக்குப் பின்னால் போனது. அண்ணன் தனியாக நடந்தே வீடு வந்தார். "கூட்டத்துல நீ என்னைப் பார்த்திருக்க மாட்டே," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

"அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

"தூணுக்கு இந்தப் பக்கம் பாதிச் சட்டை தெரிஞ்சுதாம். பட்டாளத்துக்குப் போறவரைக்கும் வாராவாரம் அவர் கையால தேச்ச சட்டையாச்சே."

"ஒரு வார்த்தை கேக்கலையே அண்ணி."

"கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்குமேன்னார்."

விழாவில், "தம்பி ரயில் நிலையத்துக்கே சென்று ஆரத் தழுவி வரவேற்றார்," என்று வாசித்தார்கள். பதக்கத்தை வாங்கியவர் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தழுவலை. ஒளிஞ்சுக்கிட்டேன். அதை அவர் பார்த்துட்டார்."

அரங்கில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்று அதே நடைமேடையில் கத்தியவர்கள். முதலில் ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். "என்ன மனசுய்யா இவருக்கு," என்று யாரோ பக்கத்து ஆளிடம் சொன்னார்.

"தட்டாதீங்க," என்றார் அவர்.

மைக்கை அதற்குள் அணைத்துவிட்டிருந்தார்கள்.