ஏழு நிமிடப் பாட்டு

பீமாராவ் நெல் மூட்டைகளுக்கு இடையே கையை விட்டு அரிவாளை உருவியபோது, தங்கை முத்துச்செல்வி கதவை உள்ளே தாழிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள். வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அவர்களுடைய தம்பி சோலை கிடந்தான். தோளிலிருந்து முதுகு வரை ஏழு வெட்டு. ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணியில் மறுபடியும் சிவப்பு ஊறியிருந்தது. அழ வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வெட்டியவர்களை ஏசத் தொடங்கினார்கள்.

"கதவத் தொற."

"எங்கண்ணே போற?"

"தெரியாத மாதிரி கேக்காத. வெட்டுனதுல ஒருத்தன் அலங்காநல்லூர்ப் பக்கம் தோப்புல பதுங்கிக் கெடக்கானாம். பிணத்தத் தூக்குறதுக்குள்ள அவன் தல உருளணும்."

போன மாதத் திருவிழாவில் ஒலிபெருக்கியில் யார் பாட்டைப் போடுவது என்று மேலத் தெருவோடு மூண்ட சண்டையில், ஒருவன் மண்டையை உடைத்தவன் பீமாராவ். அவனைத் தேடி வந்தவர்கள் கையில்தான் சோலை அகப்பட்டான். சிம்மக்கல் கடையில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவன். எந்த வம்புக்கும் போகாத பிள்ளை.

வெளியே டீக்கடை மொக்கையன் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "'ஓடுடா சோல'ன்னு தொண்ட கிழியக் கத்துறேன். திரும்பிக்கூடப் பாக்கலயே! அசையாம நின்னான்யா."

"கேட்டியா?" என்றான் பீமாராவ். "என்னத் தேடி வந்தவங்ககிட்ட எந்தம்பி ஓடாம நின்னு செத்திருக்கான். நான் வீட்டுல உக்காரவா?"

சோலை ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது நேற்று மாலையிலிருந்தே அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இன்னொருவனையும் பறிகொடுக்க வேண்டும்.

"அவன் நிக்கலண்ணே. அவனுக்குக் கேக்கல."

"என்னது?"

"காதுல பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் அனுப்புன பாட்டு."

மூன்று பேருக்குமாக 'வாரச் சந்தை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தான் சோலை. பஸ்ஸில் போகும்போது புதுப் பாட்டு, வரும்போது பழைய பாட்டு என்று கேட்பவன், அந்த வாரம் தேடிப் பிடித்ததை வெள்ளிக்கிழமைதோறும் அதில் போடுவான். ஒரே ஒரு சட்டம். எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தக் கூடாது. பீமாராவ் எதையும் கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவான். "அண்ணன் சந்தைக்கு வந்து கத்தரிக்காயத் தொட்டுக்கூடப் பாக்காது" என்று சோலை கிண்டல் செய்வான். நேற்றுதான் முதல்முறையாக அவளே ஒரு பாட்டைக் கண்டுபிடித்துப் போட்டாள். எந்த நாட்டுக்காரனோ, கிடார் வாசித்துக்கொண்டே ஏழு நிமிடம் பாடியிருந்தான். கீழே, 'சத்தமா வச்சுக் கேளு, நிறுத்துன, கொன்னுருவேன்' என்று எழுதியிருந்தாள்.

பீமாராவ் அறைந்ததில் அவள் தலை கதவில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அடுத்து அரிவாள் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்கு மேலே கதவுப் பலகையில் அது பாய்ந்து நின்றது.

"அப்ப நீதான்டி கொன்ன!"

"ஆமா, நாந்தான். நீயுந்தான். சிங்கம் மாதிரி நின்னான்னு நெனச்சுக்கிட்டுப் போகாதண்ணே. பாட்டுக் கேட்டுக்கிட்டு வந்தான். அம்புட்டுதான்."

அவள் தன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மாலை ஆறு நாற்பத்திரண்டுக்கு சோலை கடைசியாக எழுதியிருந்தான்: 'யாருக்கா இவன்? உசுர உருவுறான். பாதி வந்துட்டேன். முழுசாக் கேட்டுட்டு வாரேன்.'

பீமாராவ் அதை இரண்டு முறை படித்தான். பிறகு நெல் மூட்டைமேல் உட்கார்ந்து, ஆணியில் தொங்கிய அவளுடைய ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் பாட்டைத் தொட்டு ஓடவிட்டாள்.

வெளியே பைக்குகள் உறுமின. "பீமா! வண்டி ரெடி, வா மாப்ள!" என்று யாரோ கதவை இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் பலகையில் அரிவாள் அதிர்ந்தது. "டேய் பீமா! காது கேக்கலயாடா?"

அவன் திரும்பவில்லை. பாட்டில் இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது.